அறுவையின் அச்சம் அகற்றிய அறிஞர் லிஸ்டர்

தோற்றுவாய்

முழங்காலின் முன்புறத்தே தோலுக்கு அடியில் வட்டமாகக் கைக்குத் தட்டுப்படும் சிறிய எலும்பை முழங்காற் சில்லு என்கிறோம். நாம் நிற்பதற்கும் நடப்பதற்கும் படியேறுவதற்கும் இச்சில்லு இன்றியமையாதது. தொடையின் முன்புறத் தசைகள் இதனை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருப்பதாலேயே மடங்கிய காலை நம்மால் நீட்ட முடிகிறது. இச்சில்லு குறுக்கே உடைந்துவிடின், அதே தசைகள் மேற்பாதியைத் தொடைப்பக்கம் இழுத்துச் சென்றுவிடும். இரு பாதிகளுக்கும் இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி உண்டாகும்.

இன்று இத்தகைய முறிவு நேரின், அறுவை மருத்துவர் முழங்காலைத் திறந்து உடைந்த பாதிகளைக் கம்பியால் பிணைத்து மூடுவார். நோயாளியும் சில கிழமைகளில் நடை பழகுவார். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வறுவை நினைத்தும் பார்க்க முடியாததாக இருந்தது. செய்யும் திறன் மருத்துவர்க்கு இல்லாமலில்லை. செய்தபின் உண்டாகும் சீழை எண்ணியே அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை உலகினின்றும் அகற்றிய பெருந்தகையே ஜோசப் லிஸ்டர் ஆவார்.

தமிழ்த்துறை மலரில் ஆங்கில அறுவை மருத்துவர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். நோயை அறிந்து, அதன் முதற்காரணத்தை நாடி, அதன்பின் தணிக்கும் வழியைத் தேடுக என்று வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில் வகுத்த நெறியை, தம் வாழ்நாள் முழுதும் செயலாக்கிக் காட்டியவர்களுள் லிஸ்டரும் ஒருவர். ஆகவே அவர் வரலாறு நமக்கு அயலானதன்று.

பிறப்பும் பின்னணியும்

லிஸ்டர் 1827 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள், இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள அப்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் திராட்சை மது வணிகர். வணிகம் அவர் தொழிலாயினும், கண்ணாடி வில்லைகளைச் செம்மை செய்வதிலேயே அவர் உள்ளம் தோய்ந்திருந்தது. நுண்ணோக்கியில் தெரியும் உருவங்களின் ஓரத்தில் நிறங்கள் படர்ந்து மங்கலாகத் தோன்றும் குறையை அவர் நீக்கினார். முறையான அறிவியற் பட்டம் எதுவும் பெறாத அவ்வணிகரை 1832 இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்களோடு பின்னாளில் போராடவிருந்த மகனுக்கு, நுண்ணோக்கியின் வாயிலாகப் பார்க்கும் பழக்கம் இளமையிலேயே வாய்த்தது.

இக்குடும்பத்தார் குவேக்கர் என்னும் சிறுபான்மைக் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர்கள். எளிய உடை, எளிய உணவு, ஆரவாரமற்ற பேச்சு என்று வாழ்ந்தவர்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் அக்காலத்தே பட்டம் பெற வேண்டுமாயின் இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்க வேண்டும். அதனால் குவேக்கர் முதலிய பிற சமயத்தார்க்கு அக்கதவுகள் அடைபட்டிருந்தன. சமய வேறுபாடு பாராது எல்லார்க்கும் கல்வி வழங்க வேண்டும் என்னும் நோக்குடன் 1826 இல் லண்டனில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியே லிஸ்டருக்கு இடமளித்தது. அக்கல்லூரி தோன்றாதிருப்பின் உலகம் ஒரு லிஸ்டரைப் பெற்றிருக்குமோ என்பது ஐயமே. ஒதுக்கப்பட்டோர்க்கென ஒரு கல்வி வாயில் திறக்கும்போது அதன் பயன் உலகனைத்திற்கும் சென்று சேர்கிறது என்பதை இம்மலரைப் படிக்கும் நம் சமுதாயப் பெரியோர் நன்குணர்வர்.

1847 இல் கலைப்பட்டம் பெற்ற லிஸ்டரை உடன்பிறந்தவரின் மறைவும் அம்மை நோயும் உளம் தளரச் செய்தன. சிறிதுகாலம் படிப்பை விட்டு ஓய்ந்திருந்தார். மீண்டு வந்து மருத்துவம் பயின்று, 1852 இல் பட்டமும் அறுவை மருத்துவர் கழகத்தின் உறுப்பினர் தகுதியும் பெற்றார்.

எடின்பரோவில் பெற்ற இரு பேறுகள்

1853 இல் ஆசிரியர் ஒருவரின் அறிவுரைப்படி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்குச் சென்றார். ஜேம்ஸ் சைம் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் ஒரு திங்கள் இருந்து வரலாம் என்று சென்றவர் ஏழாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். சைம் அவருக்கு ஆசான் ஆனார். பின்னர் மாமனாரும் ஆனார். 1856 ஏப்ரலில் லிஸ்டர், சைமின் மகள் ஆக்னசை மணந்தார். அம்மையார் குவேக்கர் அல்லர் ஆதலின் லிஸ்டர் தம் பிரிவினின்றும் விலக நேர்ந்தது. எனினும் குவேக்கர்களின் எளிமையும் அடக்கமும் அவரை விட்டு ஒருபோதும் விலகவில்லை.

மணமக்கள் ஐரோப்பாவிற்குச் சில திங்கள் பயணம் சென்றபோது பல நகரங்களின் மருத்துவமனைகளையும் பார்த்து வந்தனர். அன்று தொடங்கி ஆக்னஸ் அம்மையார் கணவரின் ஆய்வுத் துணைவராகவே வாழ்ந்தார். இல்லத்தில் நடந்த ஆய்வுகளின் குறிப்பேடுகளில் பக்கம் பக்கமாகக் காணப்படுவது அம்மையாரின் கையெழுத்தே. இவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. தம் வெற்றிக்கு ஒரு பெண்மணியின் அறிவுத்துணை இவ்வளவு உதவியிருந்தும், பெண்கள் மருத்துவக் கல்வி பயில்வதை லிஸ்டர் எதிர்த்தார் என்பது அவர் வாழ்வில் நாம் காணும் ஒரு குறையாகும். பெரியோர் வரலாற்றைச் சொல்லப் புகும்போது இதனை மறைப்பது முறையன்று.

சீழ் ஆட்சி செய்த காலம்

1860 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக லிஸ்டர் அமர்த்தப்பட்டார். மறு ஆண்டு கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையின் அறுவைப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. அக்கால மருத்துவமனைகளின் நிலை நெஞ்சை நடுங்க வைப்பதாகும். 1846 இல் ஈதர் என்னும் மயக்கமருந்து வந்துவிட்டமையால் அறுவையின் வலி நீங்கியிருந்தது. வலி நீங்கியதால் அறுவைகள் பெருகின. அறுவைகள் பெருகியதால் சீழும் சாவும் பெருகின. இரத்தக்கறை படிந்து விறைத்துப்போன மேலங்கியையே மருத்துவர் நாள்தோறும் அணிவர். ஒரு நோயாளியின் புண்ணைத் தொட்ட கையோடு அடுத்த நோயாளியின் புண்ணைத் தொடுவர். புண்ணிற் சீழ் கோப்பது ஆறுவதற்கு அறிகுறி என்று நம்பி, சீழிலேயே நல்ல சீழ் என ஒன்றைப் போற்றியும் வந்தனர்.

தோல் கிழியாமல் உள்ளே மட்டும் எலும்பு உடைந்தால் அது மூடிய முறிவு. உடைந்த எலும்பு தோலைக் கிழித்துக் காற்றுப்படுமாயின் அது திறந்த முறிவு. மூடிய முறிவு எவ்வளவு கொடியதாயினும் சீழின்றி ஆறிவிடும். திறந்த முறிவோ, காயம் சிறிதாயினும், சீழ் பிடித்து அழுகிக் காலை வெட்டி எடுப்பதில் முடியும். அல்லது சாவில் முடியும். இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு தோல் ஒன்றே. இவ்வேறுபாடு லிஸ்டரின் சிந்தையை ஓயாது அரித்துக் கொண்டிருந்தது.

நச்சுக்காற்றே அழுகலுக்குக் காரணம் என்பது அன்றைய மருத்துவ உலகின் முடிந்த முடிபு. மருத்துவமனைகளை இடித்துத் தள்ளிப் புதிதாகக் கட்டுவதே வழி என்றும் சிலர் கூறினர். குளோரோபார்ம் மயக்கமருந்தைப் புகுத்திய ஜேம்ஸ் சிம்ப்சன் 1869 இல் தொகுத்த கணக்கின்படி, பெரிய மருத்துவமனைகளில் கை கால் நீக்கப்பட்டோர் 2,089 பேருள் 855 பேர் மாண்டனர். நாட்டுப்புறத்து வீடுகளில் அதே அறுவை செய்துகொண்ட 2,098 பேருள் மாண்டோர் 226 பேரே. நோய் தீர்க்கும் இடமே நோய் தரும் இடமாக இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காரணத்தை நாடிய கண்கள்

இந்நிலையில், கிளாஸ்கோவின் வேதியியற் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் ஆய்வுகளை லிஸ்டருக்கு எடுத்துரைத்தார். பால் புளிப்பதும் இறைச்சி அழுகுவதும் காற்றினால் அல்ல, காற்றில் மிதந்து வரும் கண்காணா உயிரிகளால் என்று பாஸ்டர் மெய்ப்பித்திருந்தார். லிஸ்டர் அவ்வாய்வுகளைத் தம் வீட்டிலேயே செய்து பார்த்து உண்மையென உணர்ந்தார். இறைச்சியை அழுகச் செய்வது எதுவோ அதுவே புண்ணையும் அழுகச் செய்ய வேண்டும் என்று அவர் உள்ளத்தில் மின்னலெனத் தெளிவு பிறந்தது. தோல் கிழிந்தால் உள்ளே நுழைவது காற்றன்று, அவ்வுயிரிகளே.

அவற்றை ஒழிக்கப் பாஸ்டர் மூன்று வழிகள் காட்டியிருந்தார்: கொதிக்க வைத்தல், வடிகட்டுதல், வேதிப்பொருளால் கொல்லுதல். உயிருள்ள தசையைக் கொதிக்க வைக்கவும் இயலாது, வடிகட்டவும் இயலாது. எஞ்சியது மூன்றாம் வழி. கார்லைல் நகரின் சாக்கடைக் கழிவில் கார்பாலிக் அமிலத்தைக் கலந்து நாற்றத்தைப் போக்கினர் என்றும், அக்கழிவு பாய்ந்த புல்வெளியில் மேய்ந்த கால்நடைகளுக்கு நோய் குறைந்தது என்றும் அவர் கேள்வியுற்றார். சாக்கடைக்கு இட்ட மருந்தை மனிதப் புண்ணுக்கு இடத் துணிந்தார்.

1865 மார்ச்சில் செய்த முதல் முயற்சி தோற்றது. லிஸ்டர் முறையைக் குறை கூறவில்லை. தம் செயலில் நேர்ந்த பிழை எதுவென ஆராய்ந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள், வண்டிச்சக்கரம் ஏறி இடது கால் எலும்பு உடைந்து தோல் கிழிந்த நிலையில், ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் பதினொரு வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். காயத்தைக் கார்பாலிக் அமிலத்தால் நனைத்த துணியால் மூடிக் காலுக்கு மட்டை வைத்துக் கட்டினார் லிஸ்டர். நான்கு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அழுகல் நாற்றம் இல்லை; சீழ் இல்லை. அமிலத்தின் கடுமையால் தோல் சிறிது வெந்திருந்தது. ஆகவே அதன் வீரியத்தைக் குறைத்தார். ஆறு கிழமைகளில் எலும்பு ஒட்டியது. சிறுவன் இரு கால்களோடும் வீடு திரும்பினான்.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகப்பேற்று மருத்துவர்கள் கைகழுவினாலே தாய்மாரின் சாவு குறையும் என்று 1847 இல் வியன்னாவில் மெய்ப்பித்த செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டு மருத்துவர், ஏளனத்திற்கு ஆளாகி, மனநோய் விடுதியொன்றில் புண் சீழ்ப்பிடித்து இறந்தது 1865 ஆகஸ்டு 13 ஆம் நாள். கிரீன்லீசின் காலுக்கு லிஸ்டர் கட்டுப்போட்ட மறுநாள் அது. ஒருவரை ஒருவர் அறியாத அவ்விருவருள் ஒருவர் கையிலிருந்து நழுவிய விளக்கை மற்றவர் ஏந்தியதைப் போன்றது இந்நிகழ்ச்சி.

1867 இல் லான்செட் மருத்துவ இதழில் லிஸ்டர் தம் முறையை வெளியிட்டார். திறந்த முறிவுற்ற 11 பேரைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. அவர்களுள் 9 பேர் உறுப்பிழக்காமல் பிழைத்தனர், ஒருவர் கால் நீக்கப்பட்டது, ஒருவர் மாண்டார். கை கால் நீக்கும் அறுவையிலும் மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. புதுமுறைக்கு முன் 1864, 1866 ஆகிய இரு ஆண்டுகளில் அவர் பிரிவில் 35 பேருள் 16 பேர் மாண்டிருந்தனர். 1867 முதல் 1869 வரை 40 பேருள் மாண்டோர் 6 பேர் மட்டுமே.

1869 இல் எடின்பரோவிற்குப் பேராசிரியராகத் திரும்பினார். இரு தலைமுறை இலக்கியத்தாரும் அறிந்த ஆங்கிலக் கவிஞர் வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி, எலும்புருக்கி நோயால் ஒரு காலை முன்பே இழந்தவர், மற்றொரு காலையாவது காக்க வேண்டி 1873 இல் லிஸ்டரை நாடி வந்தார். ஏறத்தாழ இருபது திங்கள் அம்மருத்துவமனையில் தங்கினார், கால் காப்பாற்றப்பட்டது. அங்குக் கிடந்த நாட்களைக் கவிதைகளாக்கிய ஹென்லி, தம் மருத்துவரையும் அவற்றுள் ஓவியமாகத் தீட்டினார். அறுவை மருத்துவம் ஒரு கவிஞரைக் காத்தது. கவிதை ஒரு மருத்துவரைக் காத்தது எனலாம்.

முழங்காற் சில்லு என்னும் உரைகல்

ஸ்காட்லாந்திலும் ஜெர்மனியிலும் புகழ் பரவியபோதும் லண்டன் மருத்துவர்கள் லிஸ்டரை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிரிக்கு அஞ்சுவது நகைப்பிற்குரியது என்றே கருதினர். ஐம்பது வயதில், நிறைந்த மாணவர் கூட்டத்தையும் நிலைத்த புகழையும் விட்டு, 1877 இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு அவர் சென்றதன் காரணம் இதுவே. வாட்சன் செய்ன் உள்ளிட்ட உதவியாளர் நால்வரை உடன் அழைத்துச் சென்றார். அக்டோபர் முதல் நாள் பால் புளிப்பதைப் பற்றி அவர் ஆற்றிய முதற் சொற்பொழிவைக் கேட்ட மாணவர் சிலர், மாடு போலக் கத்திக் கேலி செய்தனர் என்பர். அவர் சினங்கொள்ளவில்லை.

அம்மாதம் 26 ஆம் நாள் அவர் செய்த அறுவை லண்டனையே அதிர வைத்தது. முழங்காற் சில்லு உடைந்த ஒருவர் அவரிடம் வந்தார். தோல் கிழியவில்லை, எனவே அது மூடிய முறிவு. காலை நீட்டிக் கட்டிப் படுக்க வைப்பதே அன்றைய மருத்துவம். உயிருக்கு ஊறில்லை, ஆனால் சில்லின் பாதிகள் எலும்பாக ஒட்டாமல் நாராலான திசுவால் மட்டும் இணைந்து, கால் வலுவிழந்து போவது வழக்கம். லிஸ்டர் முழங்காலைத் திறந்தார். உடைந்த பாதிகளில் துளையிட்டார். வெள்ளிக் கம்பியைக் கோத்து இறுக்கிப் பிணைத்தார். கைகள், கருவிகள், கம்பி, சுற்றியுள்ள காற்று எல்லாம் கார்பாலிக் கரைசலில் நனைந்திருந்தன.

இதில் புதுமை என்னையெனின், இதுவரை லிஸ்டர் மருத்துவம் செய்தவை பெரும்பாலும் ஏற்கெனவே திறந்துவிட்ட காயங்கள். செய்யாவிடினும் சாவு காத்திருக்கும். இங்கோ, நோயாளிக்கு உயிரச்சமே இல்லை. இறைவன் மூடி வைத்த மூட்டை மருத்துவர் தாமே திறக்கிறார். மூட்டுக்குள் சீழ் புகுந்தால் கால் போகும், உயிரும் போகலாம். போனால் பழி முழுதும் திறந்தவரையே சாரும். நோயாளி இறந்தால் லிஸ்டர் மீது வழக்குத் தொடர வேண்டும் என்று லண்டன் மருத்துவர் ஒருவர் கூறியதாகச் செய்தி உண்டு. வழக்கிற்கு வேலை இல்லாது போயிற்று. காயம் சீழின்றி ஆறியது. எலும்பு எலும்போடு ஒட்டியது. அதே ஆண்டில் அவர்தம் மாணவர் ஹெக்டர் கேமரான் கிளாஸ்கோவில் இத்தகைய அறுவையைச் செய்திருந்தார் எனினும், எதிர்ப்பாளர் நடுவே தலைநகரில் செய்து காட்டிய துணிவு லிஸ்டருடையது.

1883 இல் லண்டன் மருத்துவச் சங்கத்தில் ஏழு முழங்காற் சில்லு அறுவைகளை எடுத்துரைத்தபோது அவர் விடுத்த எச்சரிக்கையே அவர் வாழ்வின் சாரம் என்பது நம் கருத்து. கிருமி உள்ளே புகாது என்பதில் மனச்சான்றறிய உறுதி பெறாத எவரும் இவ்வறுவையைச் செய்ய உரிமையற்றவர் என்னும் பொருள்பட அவர் மொழிந்தார். கத்தியைப் பிடிக்கத் தெரிவது ஒரு தகுதி. மூடியதைத் திறக்கும் உரிமையோ வேறொரு தகுதி. பிறர் உடலைத் திறப்பவன், திறந்த வழியே நுழையும் அனைத்திற்கும் பொறுப்பாளி என்னும் அறத்தை அன்று அவர் நிலைநாட்டினார்.

தம்மைத் திருத்திக்கொண்ட தகைமை

1871 இல், காற்றில் உள்ள கிருமிகளைக் கொல்ல வேண்டிக் கார்பாலிக் நீரைப் புகையெனத் தூவும் தெளிப்பானை லிஸ்டர் புகுத்தினார். அதே ஆண்டு விக்டோரியா அரசியாரின் அக்குளிற் கட்டியை அறுத்தபோதும் அத்தெளிப்பான் இயங்கியது. அதன் புகை மருத்துவர்களின் கண்ணையும் மூச்சையும் வாட்டியது. பின்னர்ச் செய்த ஆய்வுகளில், காற்றிலுள்ள கிருமிகளைவிடக் கையிலும் கருவியிலும் தோலிலும் உள்ள கிருமிகளே கொடியவை என்று தெளிந்தார். தெளிப்பானைக் கைவிட்டதோடு நில்லாமல், 1890 இல் பெர்லினில் கூடிய உலக மருத்துவ மாநாட்டில், அதனைப் பரிந்துரைத்தமைக்காக வெட்கப்படுகிறேன் என்னும் கருத்தையும் வெளிப்படையாகத் தெரிவித்தார். உலகப்புகழின் உச்சியில் நின்று ஒருவர் இவ்வாறு கூறுவது எளிதன்று. முழுமையான கிருமி நீக்கத்தை நோக்கி, நீராவியால் கருவிகளைத் தூய்மை செய்யும் முறைக்கும் இரப்பர்க் கையுறைக்கும் பிறர் வழிகண்டனர். அவை அனைத்தும் லிஸ்டர் இட்ட அடித்தளத்தின்மேல் எழுந்தவையே.

அவர் காட்டிய வழியில் சென்ற அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, திராட்சைக்குலை போன்று திரண்டிருக்கும் கிருமிகளைக் கண்டு, 1882 இல் ஸ்டெபைலோகாக்கஸ் என்று பெயரிட்டார். எலும்பு முறிவு அறுவைக்குப் பின் சீழ் உண்டாக்குவதில் இன்றளவும் முதலிடம் வகிப்பவற்றுள் ஒன்று இக்கிருமியே.

சிறப்பும் மறைவும்

பட்டங்களும் பதவிகளும் அவரைத் தேடி வந்தன. 1892 டிசம்பரில் பாரிசில் நடந்த பாஸ்டரின் எழுபதாம் ஆண்டு விழாவில், அவ்விரு பேரறிஞர்களும் அவையோர் முன்னிலையில் தழுவிக்கொண்ட காட்சி வரலாற்றில் நிலைபெற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், இத்தாலி நாட்டு ராப்பல்லோவில் ஆக்னஸ் அம்மையார் நுரையீரற் காய்ச்சலால் திடீரென மறைந்தார். முப்பத்தேழு ஆண்டு இல்லறத் துணையையும் ஆய்வுத் துணையையும் ஒருங்கே இழந்த லிஸ்டர் அதன்பின் மருத்துவத் தொழிலில் பழைய ஊக்கம் காட்டவில்லை. 1895 முதல் 1900 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக விளங்கினார். 1897 இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1902 இல் முடிசூட்டு விழாவிற்கு முன் ஏழாம் எட்வர்டு மன்னருக்குக் குடல்வால் அழற்சி கண்டபோது, லிஸ்டரின் அறிவுரை கேட்டே மருத்துவர்கள் அறுவை செய்தனர், மன்னர் பிழைத்தார்.

1912 பிப்ரவரி 10 ஆம் நாள் கென்ட் மாவட்டத்து வால்மரில் லிஸ்டர் இயற்கை எய்தினார். இங்கிலாந்தின் பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. ஆயினும் அவர் அடக்கம் செய்யப்பட்டது, தம் விருப்பப்படி, லண்டன் ஹாம்ஸ்டெட் இடுகாட்டில் மனைவியின் அருகிலேயே ஆகும்.

இன்றைய நாளும் நம் கடமையும்

லிஸ்டர் அச்சத்தை அகற்றினார். ஆபத்தை முற்றிலும் அகற்றிவிட்டார் என்று எவரும் எண்ணலாகாது. முழங்காலை ஒட்டிய எலும்பு முறிவுகளில், குறிப்பாக முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்காலெலும்பின் மேல்முனை நொறுங்கும் முறிவில், அறுவைக்குப் பின் கிருமித்தொற்று இன்றும் மருத்துவர்களை அலைக்கழிக்கிறது. அவ்விடத்தே எலும்பின்மேல் தசை குறைவு, தோல் மெல்லியது. தோல் கிழிந்த முறிவு, பேரளவு மோதலால் நேர்ந்த முறிவு, தசையறைக்குள் அழுத்தம் மிகுந்து இரத்த ஓட்டம் தடைப்பட்ட கால், நெடுநேரம் நீடிக்கும் அறுவை ஆகியவை தொற்றுக்கு வழிகோலுவன. நீரிழிவு, புகைபிடித்தல், மிகை உடற்பருமன் ஆகியவை நோயாளி தம்மோடு கொண்டுவரும் காரணங்கள். உள்ளே பொருத்தப்படும் உலோகத் தகட்டின்மேல் கிருமிகள் படலமாகப் படிந்துவிட்டால் மருந்தும் எளிதில் அவற்றை எட்டாது. வீங்கிய காலை உடனே அறுக்காமல், வெளிச்சட்டம் பொருத்தி, வீக்கம் வடியும்வரை மருத்துவர் காத்திருப்பதும், அறுவை தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்துவதும் இவற்றை எண்ணியே.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார் வள்ளுவர். லிஸ்டரின் வரலாறு இரண்டாம் கூறாகிய மருத்துவரின் பொறுப்பை உலகிற்கு உணர்த்தியது. ஏனைய கூறுகளில் நம் பங்கும் உண்டு. இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து முழங்கால் உடைந்து கிடக்கும் உறவினரைக் காணச் செல்லும் நாம், கட்டைத் தொட்டுப் பார்க்கிறோம். படுக்கையில் கூட்டமாக அமர்கிறோம். அறுவை தள்ளிப்போடப்பட்டால் மருத்துவமனையைப் பழிக்கிறோம். சர்க்கரை நோய் உண்டு என்பதையும் புகைக்கும் பழக்கம் உண்டு என்பதையும் வெட்கத்தால் மருத்துவரிடம் மறைப்போரும் உளர். மறைக்கப்படும் ஒவ்வொரு செய்தியும் கிருமிக்குத் திறக்கப்படும் ஒரு வாயில் என்பதை மறத்தலாகாது. நீரிழிவைக் கட்டுக்குள் வைப்பதும், புகையை விடுவதும், நோயாளியைத் தொடுமுன் கைகழுவுவதும் பொருட்செலவு இல்லாத மருத்துவங்கள்.

மாணவ மணிகளே! கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு என்று நம்பி, ஏளனத்தைப் பொறுத்து, தம் கையையே முதலில் ஐயுற்று, அதனைத் தூய்மை செய்துகொண்டவர் லிஸ்டர். நோய்க்குக் காற்றையும் கட்டடத்தையும் விதியையும் பழித்துக்கொண்டிருந்த காலத்தில், குற்றம் நம் கையில் இருக்கலாம் என்று அவர் எண்ணத் துணிந்தார். அவ்வெண்ணம் பிறந்த நாளிலிருந்து எண்ணிலடங்காத மாந்தர் இழக்கவிருந்த கால்களோடு நடந்து வீடு திரும்பியுள்ளனர். எத்துறையில் நீவிர் நுழையினும், பிறர் வாழ்வைத் திறக்கும் பொறுப்பு உம் கைக்கு வரும்போது, முதலில் அக்கையை நோக்குமின்! லிஸ்டரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.